பதினெட்டாயிரம் டாலர் கட்டும் முன் விசாவைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. டாக்டர் ஆக வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை. ஹைஸ்கூல் முடித்ததும் மருத்துவப் பள்ளி இடத்தையும் சேர்த்தே தரும் பிஎஸ்/எம்டி படிப்புக்குத் தயார் செய்ய ஒரு கன்சல்டன்ட் 18,000 டாலர் கேட்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுத் தருவாராம். கோடை விடுமுறையில் ஊரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் பார்க்க ஏற்பாடு செய்வாராம். இப்போதே சேராவிட்டால் இடம் கிடைக்காது என்கிறார். முன்பணம் கட்டலாமா? நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். மகள் சென்னையில் பிறந்தவள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எச்-1பி, க்ரீன் கார்டு வரிசை என்று, முதலில் அதைப் பேசிவிடுவோம். பதினெட்டாயிரம் கேட்டவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது விசாரித்தாரா? விசாரித்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

பிஎஸ்/எம்டி நம் ஊர் எம்பிபிஎஸ் மாதிரி ஒரே படிப்பு இல்லை. இரண்டு படிப்பு, இரண்டு பட்டம், நடுவில் ஒரு கதவு. கல்லூரியில் இடம் கொடுக்கும்போதே, 'இவ்வளவு மதிப்பெண் எடுத்தால் அந்தக் கதவு திறக்கும்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு உள்ள பிள்ளைகளிடம் மட்டுமே விண்ணப்பம் வாங்குகின்றன. எச்-4 விசாவில், அதாவது எச்-1பிக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருக்கும் பிள்ளை பள்ளியில் முதல் மாணவியாக இருந்தாலும் அங்கே விண்ணப்பிக்கவே முடியாது.

சரி, எச்-4 பிள்ளையை எடுத்துக்கொள்ளும் ஒரு ஏழாண்டுத் திட்டம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு கல்லூரி, நான்கு ஆண்டு மருத்துவம். உங்கள் மகள் 18 வயதில் கல்லூரியில் சேர்ந்தால் மருத்துவப் பள்ளி வாசலில் நிற்கும்போது வயது 21. எச்-4 முடிவதும் அதே 21-ஆவது பிறந்தநாளில்தான். அதற்குள் உங்கள் க்ரீன் கார்டு வராவிட்டால் அவள் எஃப்-1 மாணவி விசாவுக்கு மாற வேண்டும். மாறிவிட்டால் மருத்துவப் பள்ளியின் கணக்கில் அவள் வெளிநாட்டு மாணவி. மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்காது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் மருத்துவப் பள்ளிகள் குறைவு. சேர்க்கும் பள்ளிகளிலும் சில பள்ளிகள் பல ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகத் தனிக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கின்றன.

வேலைவாய்ப்பு வழி க்ரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே ஏழுதான், ஐஸ்லாந்துக்கும் அதே ஏழுதான். அதனால்தான் நம்மவர்கள் வரிசை இவ்வளவு நீளம். இரண்டு வயதில் இங்கே வந்து, தினமும் காலையில் இந்தக் கொடிக்கு முன் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி சொல்லி வளர்ந்த பிள்ளையை 21-ஆம் வயதில் 'நீ வெளிநாட்டுக்காரி' என்று சொல்கிற இந்த ஏற்பாட்டைப் பெற்றோர்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் விளக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய பாவம்.

ஆகவே இந்த மாதமே உங்கள் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். கல்லூரி கன்சல்டன்ட் அல்ல, வழக்கறிஞர். க்ரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி எங்கே நிற்கிறது, மகளுக்கு 21 ஆவதற்குள் வருமா என்று கேளுங்கள். உங்கள் க்ரீன் கார்டுக்காக கம்பெனி போடும் ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. அது உங்களுக்கு எத்தனை மாதம் தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பதில் சாதகமாக இல்லையென்றாலும் மகளின் கனவு முடிந்துவிடவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டு பிஎல்எம்இ திட்டம் வெளிநாட்டு மாணவர்களிடமும் விண்ணப்பம் வாங்குகிறது. போட்டி மிகக் கடுமை, ஆனால் கதவு அடைக்கப்படவில்லை.

இப்போது அந்த 18,000 டாலர்.

அவர் கொடுத்த பட்டியலை எடுத்துப் பாருங்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறதா? 1961-இல் தொடங்கிய அந்தத் திட்டம் புது மாணவர்களை எடுப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் பலர் அதைப் பட்டியலில் வைத்துக் காசு பார்க்கிறார்கள். நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகம் இருக்கிறதா? ஆண்டுக்கு 28 இடம், அதுவும் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. அங்கே கிராமங்களில் டாக்டர் இல்லை என்பதற்காகவே தொடங்கப்பட்ட திட்டம் அது. எடிசன் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? இதற்கு மாறாக, உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் இருக்கும் காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி, நெவார்க்கில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்ஜேஐடி இரண்டுக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூ ஜெர்சி மருத்துவப் பள்ளியோடு ஏழாண்டு ஏற்பாடு உண்டு. அவர்கள் இணையதளத்தில் குடியுரிமை நிபந்தனையை நீங்களே படியுங்கள். அதைப் படித்துச் சொல்லக் காசு வாங்குவது அநியாயம்.

இடம் நிச்சயம் என்று வாயால் சொன்னாலும் சரி, சாடையாகச் சொன்னாலும் சரி, அந்த ஆளை விட்டு விலகுங்கள். ஒழுங்கான ஆலோசகர்களின் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு முதலில் தடை செய்வதே இந்த வாக்குறுதியைத்தான்.

ஆராய்ச்சிக் கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மருத்துவப் பள்ளியின் நேர்காணல் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு மாணவர் புற்றுநோய் மரபணு பற்றிய கட்டுரையோடு வந்தார். தலைப்பே இரண்டு வரி. 'இந்த அட்டவணையில் 0.03 என்று போட்டிருக்கிறதே, அது எதைச் சொல்கிறது?' என்று கேட்டேன். பையன் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். பதில் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய கட்டுரை என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்த பெரியவர்கள்மேல்தான் கோபம். ஆராய்ச்சியில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் நடக்கும் சைமன்ஸ் கோடைத் திட்டம் மாதிரி ஒன்றைத் தேடட்டும்; சைமன்ஸுக்கும் குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு வேண்டும், ஆகவே நிபந்தனையை முதலில் படியுங்கள். அங்கே கட்டணம் வாங்குவதில்லை, மாணவருக்கு உதவித்தொகை தருகிறார்கள். கட்டணம் கேட்கும் 'ஆராய்ச்சி'யைத் தொடவே வேண்டாம்.

ஊரில் ஆபரேஷன் பார்ப்பது இதைவிட ஆபத்து. நம்மவர்களிடம் இது ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. மாமாவோ சித்தப்பாவோ நர்சிங் ஹோம் வைத்திருப்பார், பிள்ளைக்கு கவுன் மாட்டிவிட்டு தியேட்டருக்குள் நிறுத்துவார், சமயத்தில் தையல் போடவும் விடுவார். ஒரு பையன் அதை என் முன்னால் பெருமையாகச் சொன்னான். 'அந்த நோயாளியிடம் யார் அனுமதி கேட்டார்கள்?' என்று பக்கத்தில் இருந்த பேராசிரியை கேட்டார். அவன் அதுவரை அதை யோசித்ததே இல்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சென்னைக்குப் போனால் உங்கள் மகள் பாட்டியோடு இருக்கட்டும், போதும்.

பிறகு என்னதான் செய்வது? எடிசனைச் சுற்றி முதியோர் பராமரிப்பு இல்லங்கள் நிறைய இருக்கின்றன. பதின்வயதுத் தொண்டர்களை எடுக்கும் இடம் எது என்று அவளையே போன் செய்து விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள். வாரம் ஒரு நாள், மூன்று மணி நேரம், பன்னிரண்டாம் வகுப்பு வரை. எங்களிடம் வந்த ஒரு பெண் இப்படி இரண்டு ஆண்டு போனவள். பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பாராம். கரண்டியை வலது கையில் கொடுத்ததால்தான் அடம், இடது கையில் கொடுத்தால் சாப்பிடுகிறார் என்று மூன்றாவது வாரம் கண்டுபிடித்தாளாம். பதினைந்து நிமிடம் அவரைப் பற்றியே பேசினாள். மணி பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கால்குலஸ் நான்கையும் அங்கே கிடைக்கும் உயர்ந்த நிலையில் எடுக்கட்டும். கல்லூரி சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு பதினோராம் வகுப்பில் போதும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்து நடவடிக்கைகளுக்குத்தான் இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விண்ணப்பம் ஆகஸ்ட் 1-இல் திறக்கும், இந்தத் திட்டங்கள் பலவற்றுக்கு நவம்பர் தொடக்கமே கெடு. அந்த மூன்று மாதத்தில் 'ஏன் டாக்டர் ஆக வேண்டும்', 'அதை ஏன் இப்போதே முடிவு செய்கிறாய்' என்ற இரண்டு கட்டுரைகளை எழுத வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பதே நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் கேட்கிறார்கள்.

இடம் கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மருத்துவப் பள்ளி நுழைவுக்கான எம்கேட் தேர்வு உண்டா, உண்டென்றால் குறைந்தபட்சம் எவ்வளவு? எவ்வளவு ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, காக்க வேண்டும்? வேறு மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடுமா?

கிடைக்காவிட்டால் நான்கு ஆண்டு கல்லூரி முடித்து வழக்கமான வழியில் போகலாம். ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எம்டி படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். இந்த நாட்டு மருத்துவர்களில் பெரும்பாலோர் வந்த வழி அதுதான். பிஎஸ்/எம்டி இல்லாவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று யாராவது சொன்னால், அவர் ஏதோ விற்க வந்தவர்.

'இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 2,000 டாலர் தள்ளுபடி' என்று அடுத்து போன் வரும். எடுக்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமையே வழக்கறிஞரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். போகும்போது ஐ-140 ஒப்புதல் கடிதத்தையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.