வெறுங்கரியை வயலில் கொட்டலாமா? பயோசார் கேள்வி பதில்

கேள்வி: பயோசார் (மண்ணில் கலக்க, விறகை முழுக்க எரியவிடாமல் சுட்டெடுக்கும் கரி) போட்ட பாத்தியில் மட்டும் தக்காளி நாற்று வெளிறி நிற்கிறது சார். கரி ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: ஊறவைக்காத வெறுங்கரியைப் போட்டிருப்பீர்கள். சுட்டெடுத்த கரி முழுக்கப் பொடித் துளைகள், அத்தனையும் காலி. மண்ணில் விழுந்ததும் அங்கிருக்கும் அம்மோனியத்தை, அதாவது தழைச்சத்தின் ஒரு வடிவத்தை, இழுத்து வைத்துக்கொள்ளும். கரியில் எளிதில் மட்கக்கூடிய மிச்சம் இருந்தால், அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்களும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். நாற்றுக்குக் கிடைப்பது குறைந்துபோகிறது. இப்போதைக்கு மாட்டுச் சிறுநீர் 1 பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு கலந்து வேரடியில் ஊற்றுங்கள்.

அடுத்த முறை, 1 கூடை கரிக்கு 1 அல்லது 2 கூடை மட்கிய தொழு உரம் கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி, வாரம் ஒருமுறை புரட்டி, 3 முதல் 4 வாரம் வையுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரம் அவ்வளவு போதும். இதைவிட எனக்குப் பிடித்த வழி, மட்கு உரக் குவியல் போடும்போதே பத்தில் ஒரு பங்கு கரியைச் சேர்த்துவிடுவது. குவியலிலிருந்து வரும் அம்மோனியா நெடியும் குறையும், கரிக்கெனத் தனி வேலையும் இல்லை.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு?

பதில்: 4 டன் வரை போடலாம், ஒரே வருடத்தில் போட வேண்டியதில்லை. கரி எளிதில் மட்காது, ஆண்டுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தாலும் மண்ணில் தங்கும். 1 டன் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிராம். கரி குறைவாக இருந்தால் பயிர் வரிசையிலோ நடவுக் குழியிலோ மட்டும் போட்டு, 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். மேலாகத் தூவினால் காற்றும் மழையும் கொண்டுபோய்விடும்.

கேள்வி: குழியில் சுட்டால் பாதி சாம்பலாகிறது அண்ணா. என்ன தப்பு?

பதில்: அடுத்த அடுக்கைத் தாமதமாகப் போடுகிறீர்கள். 1 மீட்டர் ஆழத்தில் புனல் வடிவக் குழி எடுத்து, அடியில் கொஞ்சம் சுள்ளி அடுக்கி, மேலிருந்து தீ வையுங்கள். பிறகு குச்சியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கறுத்த பட்டையில் மெல்லிய வெண்சாம்பல் படரத் தொடங்கும் அந்த நேரம்தான் அடுத்த அடுக்குக்கு. மேலே எரியும் தழல் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் கீழே உள்ள கரி எரியாது. புகை கிளம்பினால் விறகு ஈரம், அல்லது ஒரேயடியாக அதிகம் போட்டுவிட்டீர்கள். முடிவில் தண்ணீர் நிறைய ஊற்றிக் கிளறுங்கள். உள்ளே ஒரு கங்கு மிஞ்சினாலும் குவியல் மறுபடி பற்றிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே நொறுக்கினால் தூசி மூக்கில் ஏறாது.

கேள்வி: சரியாக வெந்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: விரலில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுப்பாகப் பழுப்புக் கறை ஒட்டினால் தார் மிச்சம் இருக்கிறது, வேகவில்லை.

கேள்வி: எங்கள் மண்ணின் பிஎச் 8.4. போடலாமா ஐயா?

பதில்: வயல் முழுக்க வேண்டாம். பிஎச் 8.4 என்றால் மண் ஏற்கெனவே காரம், கரியும் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அமில மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும்தான் பலன் நன்றாகத் தெரியும். உங்கள் மண்ணில் துத்தநாகம், இரும்பு கிடைப்பது இன்னும் குறையலாம். ஒரு பாத்தியில் போட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெயின்ட் அடித்த பழைய பலகையைச் சுடலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள கன உலோகம் கரியில் தங்கி மண்ணுக்கு வந்துவிடும்.

கேள்வி: களைக்கொல்லி முன்புபோல் கேட்கவில்லை, கரிதான் காரணமா?

பதில்: களை முளைக்கும் முன் மண்ணில் தெளிக்கும் வகையென்றால் ஆமாம், கரி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவைக் கூட்டாதீர்கள், கைக்களையெடுப்புக்கு மாறுங்கள்.