குழித்தட்டு நாற்று அடி அழுகிச் சாய்வது பற்றி

உங்கள் இளம் உழவர் மன்றப் பிள்ளைகள் வளர்த்த தக்காளி நாற்றுகள் பத்தாம் நாளில் தண்டடி கறுத்துச் சாய்ந்தன என்றீர்கள். அது நாற்றழுகல், விதையைக் குறை சொல்லாதீர்கள். பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் ஈரம் வடியாத இடத்தில் பெருகும். மன்றங்களில் இது சகஜம்: காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர், இருவருமே தாராளமாக ஊற்றுவார்கள்! நாளுக்கு ஒருவரே பொறுப்பு என்று வையுங்கள். குழிகளில் நிரப்பிய தென்னைநார்க் கழிவைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது. மேற்பரப்பு வெளுத்த பிறகு, காலையில் மட்டும் பூவாளியால் தெளிக்கலாம்.

சாய்ந்தவற்றை அக்கம்பக்கத்துக் குழிகளோடு அப்புறப்படுத்துங்கள். பழைய தட்டுகளைக் கழுவி, வீட்டு பிளீச் திரவம் 1 பங்கு, நீர் 9 பங்கு கலவையில் 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள் (பெரியவர் செய்யட்டும்). அடுத்த முறை குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம், விதைநேர்த்திக்கு (விதைக்கும் முன் விதையோடு கலக்க) கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை.