சின்னத் தட்டு ஓட்டலில் ஆறு பேர் எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: மதுரையில் இருந்த ஒரு ஓட்டல் இப்போது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் இடம் மாறி வந்திருக்கிறது. எல்லாமே உள்ளூர்ப் பொருள், எல்லாமே சின்னச் சின்னத் தட்டில் என்கிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உட்பட ஆறு பேர் ஞாயிறு மதியம் போகிறோம். வயிறு நிறையுமா? என்ன ஆர்டர் செய்வது?

நிறையும். ஆனால் உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு அவரவர் தட்டை அவரவர் காலி செய்கிற பழக்கம் இங்கே வேலைக்கு ஆகாது. எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதற்கானது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், நம்ம கடற்கரைக்கு இந்தச் சின்னத் தட்டு ரொம்பவே பொருத்தம். நாட்டுப்படகு கரைக்கு வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், ஓரா மீன் கொஞ்சம், நகரை மீன் கொஞ்சம், ஒரு கை முரல் மீன், ரெண்டு கணவாய், நாலு நண்டு என்று எல்லாம் கலந்துதான் கிடக்கும், எதுவும் பெட்டிக் கணக்கில் இருக்காது. நூறு பேருக்கு ஒரே வறுவல் போட வேண்டிய பெரிய ஓட்டல் இதை வாங்கி என்ன செய்யும்? அவர்கள் ஐஸ் பெட்டியில் வருகிற வஞ்சிரத்தைத்தான் நம்பியாக வேண்டும். எட்டுத் தட்டு ஓரா, ஆறு தட்டு நகரை, தீர்ந்தால் தீர்ந்தது என்று விற்கிறவரால்தான் இந்தக் கலப்பு மீனை வாங்க முடியும். அதனால் மெனுவில் வஞ்சிரம் இருந்தாலும் விட்டுவிடுங்கள், அது மதுரையிலும் கிடைக்கும். இடம் மாறி வந்த ஓட்டல் மெனுவையும் இந்தக் கடலுக்கு மாற்றியிருக்கிறதா என்பதைச் சின்ன மீன்தான் காட்டிக்கொடுக்கும்.

ஓரா கேட்டு வாங்குங்கள். அது பாசியும் கடற்புல்லும் தின்கிற மீன், பிடித்த உடனே குடலை எடுக்காவிட்டால் வயிற்றுப் பக்கச் சதையில் ஒரு பாசி வாடை ஏறிவிடும், மசாலா எவ்வளவு போட்டாலும் போகாது. வயிற்றுப் பக்கத்தை லேசாகப் பிட்டு முகர்ந்து பாருங்கள். வாடை இல்லாமல், சதை முள்ளை விட்டுச் சுத்தமாகக் கழன்றால் சமையற்கட்டில் வேலை தெரிந்தவர் இருக்கிறார், மீதியையும் நம்பி ஆர்டர் செய்யலாம். பிள்ளைகளுக்கு மட்டும் முள் பார்த்துக் கொடுங்கள்.

அப்புறம் கிழமை. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. நீங்கள் ஞாயிறு மதியம் போவதால் இறால், நண்டு, கணவாய் அன்று காலை வந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன மீனுக்காகவே போவதென்றால், விசைப்படகு போகாத, திரும்பாத நாளான வெள்ளிக்கிழமையைத்தான் நான் சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது பெரிய இறால் தாராளமாகக் கிடைத்தால் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பண்ணை இறால் என்றால் தப்பில்லை, ஆனால் உள்ளூர்க் கடல் என்று எழுதிப்போட்டுவிட்டு அதை விற்கக் கூடாது.

ஆர்டர் செய்யும் முன் ஒரு தட்டில் எத்தனை துண்டு என்று கேளுங்கள். நாலு துண்டு வரும் தட்டு ஆறு பேருக்கு வந்தால் பிள்ளைகள் சண்டை போடும், அதை ரெண்டாகச் சொல்லிவிடுங்கள். முதல் சுற்றில் நாலு வகை போதும். தேங்காய்ப்பாலில் செய்தது, அவித்தது, புளிப்பாக ஏதாவது ஒன்று என்று ஆரம்பித்து வறுவலையும் மிளகாய் மசாலாவையும் கடைசிக்குத் தள்ளுங்கள், முதலிலேயே குண்டு மிளகாய் வற்றல் போட்ட நண்டைத் தின்றால் அதற்குப் பிறகு வரும் நகரையின் மெல்லிய ருசி நாக்கில் ஏறாது. ரெண்டு ரெண்டு தட்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தால் கணவாய் ஆறி ரப்பராகிவிடும். முதல் சுற்று முடிந்ததும் எது பிடித்ததோ அதையே இன்னொரு தட்டு வாங்குங்கள், புதிதாகத் தேட வேண்டாம்.

நண்டும் சிங்கி இறாலும் எடைக்கு விலை என்றால், எடை போட்டு ரூபாய் சொன்ன பிறகு சரி சொல்லுங்கள். சினை நண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கடலுக்கு நாம் செய்கிற சின்ன உதவி அது. யாராவது கடல் அட்டை இருக்கிறது என்று காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், 2001-லிருந்து அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

அப்பா அம்மாவுக்குச் சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, அது நியாயம்தான். கடைசியில் ஒரு மீன் குழம்பும் சோறும் உண்டா என்று காலையிலேயே போன் செய்து கேளுங்கள், அதே போனில் இன்று என்ன மீன் வந்தது என்றும் கேட்டு, ஓரா இருந்தால் ரெண்டு தட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு மணிக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். இனிப்புக்குத் தொதல் இருந்தால் ஒரு துண்டை ரெண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம், கீழக்கரைப் பக்கத்துத் தொதல் என்றால் தேங்காய்ப்பாலும் நெய்ப்பதமுமாக அவ்வளவு கனமாக இருக்கும்.