ஆயுளுக்கும் கூர் என்று விற்ற கத்தி

கேள்வி: ஆறு கத்திகள் கொண்ட ஒரு செட் வாங்கினேன். பெட்டியில் 'அறுவை சிகிச்சைத் தர எஃகு', 'சாணையே தேவையில்லை', 'ஆயுள் உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாவது மாதமே தக்காளித் தோலில் கத்தி வழுக்குகிறது. ஒன்றின் பிடி ஆடுகிறது. விற்றவரிடம் போய்க் கேட்டால், "உங்களுக்குக் கத்தியைப் பயன்படுத்தத் தெரியவில்லை. கூர் போவதெல்லாம் உத்தரவாதத்தில் வராது" என்கிறார். தப்பு என் மேலா, கத்தி மேலா? இனி விலை கூடியதாகப் பார்த்து வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. கத்தி மேலும் முழுப் பழியைப் போட மாட்டேன். கத்தி என்றால் மழுங்கும். எவ்வளவு உயர்ந்த எஃகானாலும், எப்பேர்ப்பட்ட கைகாரர் செய்ததானாலும் மழுங்கும். மழுங்காது என்று பெட்டியில் அச்சடித்தாரே, அவர்தான் உங்களை ஏமாற்றியவர். சாணையே வேண்டாம் என்று சொல்லி விற்றுவிட்டு, கூர் போனதும் 'உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை' என்பது என்ன நியாயம்? அந்தப் பதிலைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கூர் என்பது என்ன? அலகின் இரண்டு பக்கச் சரிவுகளும் வந்து சேரும் ஒரு கோடு. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் கனம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய விளிம்பு ஒவ்வொரு வெட்டிலும் பலகையில் போய் மோதுகிறது. எஃகு மென்மையாக இருந்தால் விளிம்பு ஒரு பக்கமாக மடங்கிவிடும். கடினமாக இருந்தால் மடங்காது, ஆனால் பொடிப்பொடியாகப் பெயரும். இரண்டும் இல்லாவிட்டாலும் தேய்மானம் இருக்கிறது. புளிப்பும் உப்பும் தம் பங்குக்கு அரிக்கும். இதிலிருந்து எந்தக் கத்திக்கும் தப்பில்லை. அதனால் நல்ல கத்திக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: கூர் போன பிறகு அதை மறுபடி கொண்டுவர முடிகிறதா? உங்கள் பெட்டி அந்தக் கேள்வியே எழாதபடி வாயை அடைத்துவிட்டது.

'சாணை தேவையில்லை' என்று விற்கப்படும் கத்திகளில் பல, ஓரத்தில் பொடிப் பற்கள் வைத்தவை. பல்லின் நுனிதான் பலகையில் இடிபடும், இடையிலுள்ள பள்ளம் தப்பித்துக்கொள்ளும். அதனால் கொஞ்ச காலம் கூடுதலாக உழைப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது நறுக்குவதில்லை, பிய்க்கிறது. பற்கள் மழுங்கிய பிறகு வீட்டுச் சாணைக்கல்லில் அவற்றைத் தீட்டவும் முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான். உங்கள் செட்டில் அப்படிப் பல் வைத்தது இருந்தால், அதை ரொட்டி வெட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அது பொருத்தமான கத்திதான்.

அடுத்தது 'அறுவை சிகிச்சைத் தர எஃகு'. அப்படி ஒரு தனி ரகமே கிடையாது. அறுவை அரங்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு எஃகு. கத்தரிக்கோலுக்கு ஒன்று, இடுக்கிக்கு ஒன்று, உடம்புக்குள் வைத்து மூடும் தகட்டுக்கு வேறொன்று. இதில் எதை உங்கள் கத்தியில் போட்டார்கள் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காகவே வைத்த சொல் அது. அறுவை மருத்துவர் கையில் இருக்கும் கத்தியில் பெரும்பாலும் அலகைத் தனியாகப் பொருத்திக் கழற்றுவார்கள், ஒரு நோயாளியோடு அந்த அலகின் வேலை முடிந்தது. ஒரே தடவை வெட்டிவிட்டு வீசப்படுவதன் பெயரை, ஆயுளுக்கும் கூர் என்று விற்கும் பொருளின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

எவர்சில்வர் என்று நாம் பொதுவாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாத்திரமும் கரண்டியும் செய்யும் வகையில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 அல்லது 10 சதவீதம் இருக்கும். அதைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்தாலும் இறுகாது. கத்திக்கு வேண்டியது வேறு வகை, கார்பன் போதிய அளவு சேர்ந்தது. கார்பன்தான் எஃகுக்குக் கடினத்தைக் கொடுக்கிறது. மலிவான கத்திகளில் 0.3 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஜெர்மன் பாணிச் சமையல் கத்திகளில் பரவலாக இருக்கும் 1.4116 என்ற ரகத்தில் ஏறக்குறைய 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் உண்டு. ஜப்பானிய பாணிக் கத்திகளில் 1 சதவீதக் கார்பன் உள்ளவையும் சாதாரணம். கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஃகுக் கத்தியின் அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அநேகமாகப் பாத்திர எஃகுதான், அதை வாங்க வேண்டாம். ஒட்டிவிட்டது என்பதற்காக நல்ல கத்தி என்று முடிவு கட்டவும் கூடாது.

ஏனென்றால் எஃகு மட்டும் போதாது, அதற்குப் பதம் போட்ட விதம், அதாவது எவ்வளவு காய்ச்சி எப்படிக் குளிரவைத்தார்கள் என்பது முக்கியம். இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய் அரிக்காமல் இருக்க வழி தேடி, 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் உள்ள ஓர் எஃகை உருக்கினார். துரு பிடிக்காத அந்த எஃகு கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. ஊர்க் கத்திக்காரர்களிடம் கொடுத்தார். அவர்கள் பழகிய எஃகைப் போலவே அதையும் காய்ச்சினார்கள். சாதாரணக் கார்பன் எஃகை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சித் தோய்த்தெடுத்தால் இறுகிவிடும். குரோமியம் சேர்ந்ததற்கு 1000 டிகிரி போல வேண்டும். விளைவு, பளபளவென்று இருந்தது, வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லிக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில்காரர் சூட்டின் கணக்கைப் பிடித்தார். கத்தி வெட்டத் தொடங்கியது. எஃகு அதே எஃகுதான்.

நூறு வருஷம் தாண்டியும் வாங்குபவரைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடம்தான். சரியாகப் பதம் போட உலையும் நேரமும் ஆளும் வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பதும் அதில்தான், ஏனென்றால் அது வெளியே தெரியாது. பளபளப்பு தெரியும், பிடியின் நிறம் தெரியும், கடினம் தெரியாது. ஆனால் அளக்க முடியும்! ராக்வெல் என்ற குடும்பப்பெயர் கொண்ட இருவர் 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கூம்பு வடிவ வைரத்தை எஃகில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்ணைத்தான் எச்.ஆர்.சி. என்று போடுகிறார்கள். நல்ல ஐரோப்பிய பாணிக் கத்தி ஏறக்குறைய 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானிய பாணியில் 60-ம் அதற்கு மேலும். 52-க்குக் கீழே போனால், தீட்டினாலும் கூர் நிற்காமல் மடங்கும்.

கூரையும் அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அளக்கவும் ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 8442-இன் ஐந்தாம் பகுதி. 5 சதவீதம் மணல் கலந்த அட்டையை ஓர் இயந்திரம் கத்தியால் திரும்பத் திரும்ப அறுக்கும். முதல் சில இழுப்பில் எவ்வளவு ஆழம் போனது, மொத்தத்தில் எவ்வளவு அறுத்தது என்று மில்லிமீட்டரில் சொல்லிவிடும். உத்தரவாதம் பேசுகிறவர்கள் இந்த எண்ணையும் கடின எண்ணையும் எஃகின் ரகத்தையும் பெட்டியில் போட வேண்டும். போடாத பெட்டியைத் திருப்பி வைக்கும் உரிமை நமக்கு உண்டு. மூன்று எண்களை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

'நடக்கிற காரியமா' என்று தோன்றலாம். இதைவிடக் கடினமானது நடந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த மட்டக் கத்திகள் ஷெஃபீல்டு முத்திரையோடு விற்கப்பட்டன. அந்தப் புகார்களும் சேர்ந்துதான் 1887-இல் பிரிட்டனில் பொய் முத்திரைக்கு எதிரான வணிகக் குறிச் சட்டம் வந்தது, 'மேட் இன் ஜெர்மனி' என்ற எழுத்தும் அதனால் பிறந்தது. பிறகு சோலிங்கன்காரர்களே தங்கள் தரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்கள் பெயரை மற்றவர்கள் திருடும் நிலை வந்தது. 1938-இல் அந்த ஊர்ப் பெயருக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால் ஒழிய, கத்தியில் சோலிங்கன் என்று பொறிக்கக் கூடாது. அலகின் மேல் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஓர் ஊர்ப் பெயருக்கே சட்டம் போட முடிந்தது என்றால், எஃகின் ரகத்துக்கு ஏன் முடியாது?

விலை கூடியது வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, அந்த விலை எதற்கு என்று தெரிகிறவரைக்கும். அலையலையாகக் கோடு ஓடும் 'டமாஸ்கஸ்' கத்திகளைப் பார்த்திருப்பீர்கள். இருவகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டும்போது வரும் கோடு அது. அதையே சாதாரணத் தகட்டின் மேல் லேசரால் பொறித்தும் விற்கிறார்கள். கோடு உண்மையானதாகவே இருந்தாலும், வெட்டுவது நடுவில் உள்ள எஃகுதான், கோடு இல்லை. செட் என்பதிலும் இதே கதைதான். ஆறில் நீங்கள் தினமும் எடுப்பது ஒன்றோ இரண்டோ. ஆறுக்கும் கொடுத்த பணத்தை ஒரே கத்திக்குக் கொடுத்திருந்தால் நல்லதாக ஒன்று கிடைத்திருக்கும். அலகு மெல்லியதாக இருக்கட்டும். பிடியோடு சேரும் கழுத்துப் பகுதி கனத்து, விளிம்பு வரைக்கும் இறங்கி வந்திருந்தால் வேண்டாம், சில வருஷம் தீட்டிய பிறகு அது பலகையில் முட்டி நிற்கும், அலகு படியாது.

பிடி ஆடுகிறது என்றீர்களே, கூரைவிட எனக்கு அதுதான் கவலை. எனக்குப் பரிசாக வந்த ஒரு கனமான கத்தி, மூன்று ரிவிட் அடித்துப் பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. ஒருநாள் கெட்டியான எதையோ அழுத்தும்போது பிடி கையில் நின்றுவிட்டது, அலகு என் மணிக்கட்டை ஒட்டிப் போய் விழுந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால், பிடிக்குள் போன அலகின் வால் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, அதுவும் துருவேறி இருந்தது. மூன்று ரிவிட்டில் இரண்டு வெறும் அலங்காரம், எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கூர் இல்லாத கத்தி பெரும்பாலும் நேரத்தைத்தான் வீணாக்கும். பிடி பொய்யான கத்தி கையைக் கிழித்துவிடும். மடக்குக் கத்திகளிலும் பூட்டு சரியாக விழாதது இருந்தால் இதே ஆபத்துதான்.

சரி, இப்போது என்ன செய்வது? செட்டில் பல் இல்லாத கத்தி ஒன்றை எடுத்து, 1000 எண் சாணைக்கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) நீங்களே தீட்டுங்கள், இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குங்கள். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் விளிம்பு நெடுக மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும், அது வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். மரப்பலகையிலோ பிளாஸ்டிக் பலகையிலோ மட்டும் வெட்டுங்கள். கண்ணாடியிலும் பளிங்கிலும் எந்தக் கத்தியும் நிற்காது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாமல் கையால் கழுவி உடனே துடைத்து வையுங்கள். இத்தனையும் செய்து, ஒரு வாரத்தில் மறுபடி தக்காளியில் வழுக்கினால் எஃகிலோ பதத்திலோதான் குறை. 'பயன்படுத்தத் தெரியவில்லை' என்ற வாதம் அதற்குமேல் செல்லாது.

பிடி ஆடுவதோ சந்தேகமே இல்லாத தயாரிப்புக் குறை. கூருக்கு உத்தரவாதம் இல்லை என்றவர் இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கத்தியை இன்றே தனியாக எடுத்து, அட்டையில் சுற்றி, அந்தப் பெட்டியோடும் ரசீதோடும் வையுங்கள். பெட்டியில் உள்ள வாசகங்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். எஃகின் ரகம் என்ன, எச்.ஆர்.சி. எவ்வளவு என்று அதே கடிதத்தில் கேளுங்கள். அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.