இரவு எட்டு மணி யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

தொலைக்காட்சி பார்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் எப்படி மாறியிருக்கிறது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது என் தலைமுறையினர் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லிப் பழகிய பகுதியிலிருந்து, வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர், திரைகள் ஆறு. கூடத்தில் இருக்கும் பெரிய தொலைக்காட்சியை நான் ஒருவன்தான் பார்க்கிறேன். மற்றவர்கள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். குடும்பமாக உட்கார்ந்து பார்த்த காலத்தைக் கைப்பேசி அழித்துவிட்டது என்று நான் சொன்னால், பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் சொல்வது தவறா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடியாத்தம்

பதில்: பாதி சரி, ஐயா. மீதிப் பாதிக்கு நாம் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பின் வெகுகாலம் நம் பக்கத்துத் தெருக்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டுக் கூடம் நிறைந்து, திண்ணையும் நிறைந்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து “தெரியுது, தெரியுது, விட்டுடு” என்று கத்துவார். அன்று கூடிப் பார்த்தது குடும்பம் அல்ல, தெரு.

பிறகு தவணை முறையில் பெட்டிகள் வந்தன. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, வாங்க முடியாமல் இருந்த வீடுகளுக்கும் பெட்டி வந்து சேர்ந்தது. நல்ல காரியம்தான். பிறர் வீட்டு வாசலில் நின்று பார்த்து, “கதவைச் சாத்தப் போறோம்” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், தெரு கலைந்து வீடுவீடாகப் பிரிந்ததும் அப்போதுதான். கூடிப் பார்ப்பதைக் குறைக்கும் வேலையை முதலில் தொடங்கியது தாங்கள் இன்று தனியாகப் பார்க்கும் அதே பெட்டி. வீட்டை ஆள் ஆளாகப் பிரித்த பிற்பகுதி வேலையைத்தான் கைப்பேசி செய்திருக்கிறது.

உண்மையில் நாம் இழந்தது நேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டு மணிக்கு ஒரு நிகழ்ச்சி என்றால், சமையல், பாடம், கோயில் எல்லாம் அதற்கு முன்போ பின்போ ஒதுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தை நம்மில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நிலையம் சொன்னது, நாம் கீழ்ப்படிந்தோம். அந்தக் கீழ்ப்படிதலைத்தான் இப்போது ஒற்றுமை என்று நினைவில் வைத்திருக்கிறோம். இணையம் வழியாகப் படமும் தொடரும் காட்டும் ஓடிடி தளத்தில் எட்டு மணி என்று ஒன்று இல்லாததால், ஐந்து பேரும் ஒன்றாக உட்கார வேண்டுமானால், எதை, எப்போது, யாருக்காகப் பார்ப்பது என்பதை ஐந்து பேரும் பேசி முடிவு செய்தாக வேண்டும். பல வீடுகளில் படம் பார்க்கும் நேரத்தைவிடப் படம் தேடும் நேரம் கூடிவிடுகிறது. சனிக்கிழமை இரவுப் படத்தைப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கட்டும். அன்று அவர் எதைப் போட்டாலும் தாங்கள் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். இதில் கடினமான பங்கு தங்களுடையதுதான்.

கேள்வி: எல்லோரும் இணையத்துக்குப் போய்விட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் தொலைக்காட்சித் தொடர்கள் ஏன் குறையவில்லை? அவற்றை இன்னும் யார் பார்க்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள ‘பார்க்கிறார்கள்’ என்ற சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேரணாம்பட்டுப் பக்கத்திலோ குடியாத்தத்திலோ பீடி சுற்றும் பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பிற்பகலில் போய்ப் பாருங்கள். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் வெட்டிய இலைக்கட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணும் விரலும் இலையை விட்டு நகர முடியாது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பாத்திரம் வீட்டுக்குள் நுழைந்தால் அதற்கென்று ஓர் இசை. வில்லி யோசித்தால் அதற்கு வேறோர் இசை. நேற்று நடந்ததை இன்று இரண்டு பேர் பேசியே சொல்லிவிடுவார்கள். நாம் கேலி செய்யும் இந்தக் குணங்கள் எல்லாம், கையில் வேலை வைத்துக்கொண்டு காதால் கதையைத் தொடர்பவருக்காக அமைந்தவை. நடுவில் எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வந்தாலும் கதை அங்கேயே நிற்கும்.

இணையத் தொடர் அப்படி எடுக்கப்படுவதில்லை. அங்கே ஒரு கடிதத்தை ஒருவர் மௌனமாகப் படிப்பார். அந்தக் கடிதம் திரையில் இரண்டு நொடி தெரியும். பார்க்கத் தவறியவருக்கு அடுத்த பகுதி விளங்காது. அது முழுக் கண்ணையும் கேட்கிறது. ஓய்ந்து உட்கார நேரம் உள்ளவரின் கலை அது என்று சொன்னால், இயக்குநர்கள் என்மீது கோபம் கொள்ளக்கூடும், இருந்தாலும் சொல்கிறேன். ஆக, தொடர்கள் நிலைத்திருப்பதற்குப் பழமைப் பற்று மட்டுமே காரணம் அன்று. வீட்டில் இருந்தே உழைப்பவர்களுக்கு அவை வானொலியின் இடத்தை நிரப்புகின்றன.

அவற்றில் சிலவும் இப்போது இணையத்துக்கு நகர்ந்திருக்கின்றன என்பது உண்மை. இரவு வரவேண்டிய பகுதியைச் சில தளங்கள் சந்தாதாரர்களுக்கு முன்கூட்டியே தந்துவிடுகின்றன. காலையிலேயே கதையைத் தெரிந்துகொண்ட மருமகள், இரவு மாமியாரோடு உட்கார்ந்து தெரியாதவர் போல ஆச்சரியப்பட வேண்டியிருக்கிறது. இது புதுவகை நடிப்பு.

கேள்வி: கிரிக்கெட் ஆட்டத்தை நான் கைப்பேசியில் பார்க்கிறேன். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போதே எதிர்வீட்டில் “சிக்ஸர்” என்று கத்திவிடுகிறார்கள். இரண்டுமே நேரலைதானே?
– வாணியம்பாடி வாசகர்

பதில்: எதிர்வீட்டில் கேபிளோ டிஷ்ஷோ இருக்கும். அவர்களுக்குப் படம் செயற்கைக்கோள் ஏறி இறங்கிச் சில நொடிகளில் வந்துவிடுகிறது; எல்லா வீட்டுக்கும் ஒரே ஒளிபரப்புதான். இணையத்தில் அதே படத்தை முதலில் தெளிவு கூடிய வடிவம், குறைந்த வடிவம் என்று பல தரங்களில் மாற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி, பல ஊர்களில் உள்ள சர்வர்களில் வைக்கிறார்கள். உங்கள் கைப்பேசி அங்கிருந்து துண்டுதுண்டாக எடுத்து, சிக்னல் குறைந்தால் படம் நின்றுவிடக் கூடாதே என்று சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பின்பே காட்டத் தொடங்குகிறது. இந்தச் சேமிப்பும் சேர்ந்து சில நேரம் அரை நிமிடம் வரை தாமதமாகிவிடுகிறது. சிக்னல் குறையும்போது படம் மங்கலாவதும் இதனால்தான்; பெரிய துண்டுக்குப் பதிலாகச் சிறிய துண்டை எடுக்கிறது. சன்னலைச் சாத்திக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. எதிர்வீட்டில் போய்ப் பார்க்கலாம், முறுக்கும் கிடைக்கக்கூடும்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகக் கேபிள் தொழிலில் இருக்கிறேன். இணைப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைக்கிறீர்கள்?
– கேபிள் ஆபரேட்டர், ஆற்காடு

பதில்: ஜோதிடம் எனக்குத் தெரியாது. ஆனால், உங்கள் தொழில் இதற்கு முன்பும் பலமுறை அடி வாங்கி எழுந்திருக்கிறது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியபோது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உங்களைப் போல மாடிக்கு மாடி ஒயர் இழுத்தவர்கள்தாம். பிறகு வீட்டுக்கே டிஷ் வைக்கும் டிடிஎச் வந்தது. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் உருவாகி, தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகிய ஊர்களோடு நம் வேலூரிலும், சேனல்களைப் பெற்றுக் கேபிளில் அனுப்பும் தலைமுனைக் கட்டுப்பாட்டு நிலையம் அமைந்தது. 2011இல் அந்நிறுவனம் மீண்டும் உயிர்பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று அறிவித்தபோது பலர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துக் கலங்கினார்கள். 2019இல் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி வந்து, நூறு சேனல் வரை 130 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல்களுக்குத் தனி விலையும் என்று ஆனபோது, ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஏறி விளக்கம் சொன்னவர்களும் நீங்கள்தாம்.

இந்த முறை அடி வேறு திசையிலிருந்து வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2016 சனவரியிலும், பிரைம் வீடியோ அந்த ஆண்டு திசம்பரிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆனால், நடுவே செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்திருக்காவிட்டால், அவை நகரத்துச் சிலரின் பொழுதுபோக்காகவே நின்றிருக்கும். எனவே மக்கள் விரும்புவது இணையத்தை. அதற்கும் தெருவில் ஒயர் வேண்டும். ஒரு மணி நேரம் எச்.டி. தரத்தில் பார்க்க 3 ஜிபி வரை செலவாகும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் செய்தவர் அரை மணியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பெரிய தொலைக்காட்சியில் குடும்பமே பார்க்க வேண்டுமானால் ஃபைபர் இணைப்பு இல்லாமல் முடியாது. எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு இழுக்கலாம், மழையில் எந்த ஜாயின்ட் போகும், யார் பத்தாம் தேதிக்கு மேல்தான் பணம் தருவார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு உள்ளூர்ப் பங்காளியாகி, அதே கம்பங்களில் ஃபைபர் இழுக்கும் கேபிள்காரர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: செயலியை நீக்கிய பிறகும் என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகிறது. என்ன செய்வது?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: செயலியை நீக்குவதும் சந்தாவை நிறுத்துவதும் வேறு வேறு. நீங்கள் பணம் கட்டிய யுபிஐ செயலியிலோ வங்கிச் செயலியிலோ ‘ஆட்டோபே’ என்ற பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்யுங்கள். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை நாம் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோம்.

கேள்வி: என் மகன் இரவு முழுவதும் ஒரே தொடரின் எட்டுப் பகுதிகளையும் பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறான். இப்படி ஒரு பழக்கத்தை நான் கண்டதே இல்லை.
– விவசாயி, ஒடுகத்தூர்

பதில்: கண்டிருக்கிறீர்கள், மறந்திருப்பீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக எத்தனை நாள் ஊர் விழித்திருக்கும்! இரவு சாப்பாட்டுக்குப் பின் பாயும் போர்வையுமாகப் போய் உட்கார்ந்தால், கூத்தை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் வந்து, வேடங்கள் திரை விலக்கி ஆடி, முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். மறுநாள் கழனி வேலையில் பாதிப் பேர் வரப்பிலேயே உறங்குவார்கள். விடியவிடியக் கதை பார்ப்பது நம் ஆற்காட்டு மண்ணுக்குப் புதிதல்ல.

வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. கூத்துக்கு ஆண்டில் சில இரவுகள்தாம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, துரியோதனன் படுகளம் முடிந்து, தீமிதியோடு அது ஓய்ந்துவிடும். தளத்திலோ ஒரு பகுதி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அடுத்த பகுதி தானாகத் தொடங்கிவிடுகிறது. நிறுத்த வேண்டுமானால் நாம்தான் கையை நீட்ட வேண்டும். அந்தத் தானியங்கி வசதியை அமைப்புப் பகுதியில் அணைத்துவைக்கலாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இன்னொன்று, கூத்தில் தூங்கி விழுந்தவனை எழுப்பி, “பாஞ்சாலி சபதம் பண்றா, பாரு” என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தது. ஓர் இரவு நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டாலும் பாதகமில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சேனல் எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். தம்பி கேபிளை எடுத்துவிட்டு ஸ்மார்ட் டிவி மட்டும் வைத்திருக்கிறான். அம்மாவால் அதை இயக்க முடியவில்லை. யாராவது வந்து போட்டுவிடும் வரை வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.
– சத்துவாச்சாரி வாசகி

பதில்: கேபிளைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பணம் மிச்சம் என்று தம்பி சொன்னால், அம்மாவின் கையிலிருந்து ரிமோட்டையே அவர் எடுத்துவிட்டார் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதுவரைக்கும், ரிமோட்டில் மைக் படம் போட்ட பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் தமிழில் பேசினாலும் புரிந்துகொள்கின்றன. என் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை அழுத்திக்கொண்டு, “ஏம்ப்பா, அந்தப் பழைய சிவாஜி படத்தைப் போடேன்ப்பா” என்று மரியாதையாகக் கேட்பார். இரண்டு முறை வேறு ஏதோ வரும். மூன்றாம் முறை படம் வந்துவிடும்.