பீகிள் நாயை ஃப்ளாட்டில் வளர்க்கலாமா?

வேலைக்குப் போகும் இரண்டு பேர், பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் வேண்டாம். பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்த்த இனம். தனியாக விட்டால் ஊளையிடும். பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

எங்கள் பீகிள் மணி அப்படித்தான் ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தான். "குரைக்காது, மூலையில் படுத்துக் கிடக்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் பத்து மாதத்தில் எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். 'நாட்டு நாய் வளர்க்கக் கூடாதா?' என்று யாராவது கேட்பீர்கள். எங்கள் தெருவில் நாலு நாட்டு நாய்க்கு அப்பாதான் தினமும் சோறு வைக்கிறார்.

அப்பாவுக்கு விருதுநகர் பக்கம். சிப்பிப்பாறையோடு வளர்ந்தவர். அது கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய், சீட்டி அடித்தால் திரும்பிப் பார்க்கும். மணி திரும்பவே மாட்டான். "செவிட்டு நாய்" என்று அப்பா ஒரு மாதம் வருத்தப்பட்டார்.

ஒரு ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு போய்விட்டான். ஏல நேரம், ஒரே கூட்டம். அப்பா சீட்டி அடித்துக்கொண்டே இருக்கிறார். ஐஸ் பெட்டிகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில் அவன் வாலின் வெள்ளை நுனி மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்தே பின்னால் ஓடினோம். அவன் ஓடவில்லை. தரையில் மூக்கை வைத்து வளைந்து வளைந்து போய், கருவாடு விற்கும் ஓர் அம்மாவின் கூடை முன்னால் நின்றான். "நாயைத் திட்டாத நைனா, மூக்கு இழுத்துக்கினு வந்துச்சு" என்றார் அந்த அம்மா. அன்றைக்குத்தான் அப்பாவுக்கு விளங்கியது. மூக்கு வேலை செய்யும்போது அவனுக்குக் காதில் எதுவும் ஏறாது.

அப்புறம் கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை, பதினைந்து அடிக் கயிறு. மோந்து முடிக்கும் வரை அப்பா இழுக்காமல் நிற்பார். அரை மணி நேரம் அப்படி விட்டால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அந்த 61 நாளும் துறைமுகப் பக்கம் போக அவன் அவசரப்படுவதில்லை.

காது தொங்குவதால் இந்தக் கடற்கரை ஈரத்தில் உள்ளே புண் வரும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். சோற்றில் கணக்கு வேண்டும், கேட்கும்போதெல்லாம் போட்டால் ஊதிவிடுவான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் நடக்க நடைபாதை எங்கே? சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. புகையும் தூசியும் மணியின் மூக்கு உயரத்தில்தான் வருகிறது. தவழும் குழந்தைக்கும் அதே உயரம்தான். வட சென்னைக்காரர்கள் இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை.

சரி, உங்கள் விஷயம். தெரிந்தவர்கள் யாரிடமாவது பீகிள் இருந்தால் ஒரு வாரம் காலையில் நீங்கள் நடக்கக் கூட்டிப் போங்கள். அது மோந்துகொண்டு நிற்கும்போது கயிற்றை இழுக்காமல் உங்களால் நிற்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வாங்குங்கள்.