ஸ்டெம் செல் ஊசி போட்டா மார்புப் புற்றுநோய் திரும்ப வராதா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயசு. மார்புல கட்டி எடுத்து கீமோ, ரேடியேஷன் முடிஞ்சு இப்ப ஹார்மோன கட்டுப்படுத்துற லெட்ரோசோல் மாத்திரை போடுறாங்க. கீமோவுக்கு சாகாத ஸ்டெம் செல் உள்ளயே இருக்கும், அதனாலதான் திரும்ப வருதுன்னு ஒரு வீடியோ பாத்தேன். இன்னொரு பக்கம் ஸ்டெம் செல் ஊசி போட்டா திரும்ப வராதுன்னு ஒரு க்ளினிக்ல லட்சக்கணக்குல கேக்குறாங்க. என்ன பண்றது டாக்டர்?

பதில்: முதல்ல அந்த ஊசிக்கு பணம் கட்டாதீங்கம்மா. நம்ம நாட்டுல ஸ்டெம் செல்ல, அதாவது வேற வேற செல்லா மாறிப் பெருகக்கூடிய மூல செல்ல, சிகிச்சையா குடுக்க ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஒத்துக்கிட்டது சில ரத்த சம்பந்தமான நோய்களுக்குத்தான், மார்புப் புற்றுநோய் அதுல கிடையாது. ஆராய்ச்சின்னு சொன்னாங்கன்னா அனுமதி வாங்கி பதிவு பண்ணின ட்ரையலா, அதாவது நோயாளிங்கள வச்சு பண்ற சோதனை ஆய்வா இருக்கணும், அதுல நோயாளிகிட்ட காசு வாங்கவும் கூடாது.

வீடியோல சொன்னது முழுப் பொய் இல்ல. 2003ல அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டில மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா எல்லாம் சேர்ந்து நோயாளிங்களோட கட்டி செல்ல தரம் பிரிச்சு எதிர்ப்பு சக்தி இல்லாத எலிக்குள்ள வச்சுப் பாத்தாங்க, மேல சிடி44ங்கற புரதம் இருந்து சிடி24 கம்மியா இருந்த செல்லு நூறு இருநூறு வச்சாலே கட்டி வளந்துச்சு, மத்த செல்லு ஆயிரக்கணக்குல வச்சும் வளரல. கட்டிய உண்டாக்குற அந்த செல்லத்தான் கேன்சர் ஸ்டெம் செல்னு சொல்றாங்க. கீமோ பொதுவா வேகமா பெருகுற செல்லத்தான் நல்லா அடிக்கும், இந்த மாதிரி செல்லு அதுல தப்பிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா அதுக்கப்பறம் வந்த ஆராய்ச்சில சாதாரண கேன்சர் செல்லே சில நேரம் இந்த குணத்துக்கு மாறிக்கும்னு தெரிஞ்சுது, அதனால இத மட்டும் அழிச்சா போதும்னு சொல்லிட முடியாது. 2009ல சாலினோமைசின்னு ஒரு மருந்து, கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராம தீவனத்துல கலக்குறது, எலில இந்த செல்ல நல்லா கொறச்சுது, எவ்ளோ நம்பிக்கையா இருந்துச்சு! ஆனா மனுஷங்களுக்கு அது விஷத்தன்மை உள்ளது, இன்னும் சிகிச்சையா வரல.

இதுல ஒண்ணு கவனிங்க. ஆராய்ச்சி பண்றவங்க இந்த கேன்சர் ஸ்டெம் செல்ல ஒழிக்கத்தான் வழி தேடுறாங்க. க்ளினிக்ல ஊசில ஏத்துறேன்னு சொல்றது வேற ஸ்டெம் செல்லு, பேரு ஒண்ணா இருக்குன்னு குழப்பிக்காதீங்க. 1990கள்ல ரொம்ப அதிக டோஸ் கீமோ குடுத்து, அதுல அழிஞ்ச எலும்பு மஜ்ஜைய மீட்க நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லையே திருப்பி ஏத்திப் பாத்தாங்க, ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த கஷ்டத்த அனுபவிச்சாங்க, கடைசில பெரிய ட்ரையல்கள்ல பாத்தா வழக்கமான கீமோவ விட ஆயுசு கூடல, நல்ல ரிசல்ட்னு காட்டின தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடின்னு 2000ல வெளிய வந்துச்சு. அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கொதிக்கும்.

அம்மாவ இப்ப காப்பாத்திட்டு இருக்கறது அந்த லெட்ரோசோல்தான். ஆனா அத போடுறப்ப சிலருக்கு காலைல எந்திரிச்சதும் விரல மடக்க முடியாம இறுகிப் போகும், முட்டி வலிக்கும், நெறைய பேர் இதுக்காகவே யார்கிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்திடுறாங்க. தயவுசெஞ்சு நிறுத்த விடாதீங்க, வலி இருந்தா அவங்க டாக்டர்ட்ட சொல்லுங்க, அதே வகைல வேற மாத்திரைக்கு மாத்திப் பாக்கலாம். எலும்பு தேயுதான்னு டெக்ஸா ஸ்கேன், வருஷா வருஷம் மேமோகிராம். புதுசா விடாத முதுகுவலி, இருமல், மூச்சு வாங்குறது, அக்குள்ல கட்டி மாதிரி ஏதாவது தெரிஞ்சா அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காம உடனே கூட்டிட்டு போங்கம்மா.